தேர்வு 23ஆம் தேதி முடிகிறது, 24 இரவுக்குள் கிறிஸ்துமஸ் குடிலும் நட்சத்திரமும் தயாராக வேண்டும்: வீட்டிலேயே செய்ய வழியுண்டா?

பாளைப்பெண் | டிசம்பர் 1, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். மூத்தவள் எட்டாம் வகுப்பிலும் இளையவன் நான்காம் வகுப்பிலும் படிக்கிறார்கள். சென்ற ஆண்டு வரை கடையில் வாங்கிய மடக்கு நட்சத்திரத்தையே வாசலில் தொங்கவிட்டோம். குடிலும் அட்டைப் பெட்டியில் வரும் ஆயத்தக் குடில்தான். இந்த முறை இரண்டையும் நம் கையாலேயே செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

எனக்கும் ஆசைதான். ஆனால் அரையாண்டுத் தேர்வு 23ஆம் தேதி முடிந்து 24ஆம் தேதிதான் விடுமுறை தொடங்குகிறது. அன்று இரவு திருப்பலிக்குப் போகும் முன்பே குடில் நிற்க வேண்டும், நட்சத்திரம் எரிய வேண்டும். பிள்ளைகள் ஓய்வாக இருக்கும் ஒன்பது நாள்களும் வேலை முடிந்த பிறகுதான் வருகின்றன. வேலை இருக்கும் மூன்று வாரங்களிலோ அவர்கள் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். என் அப்பா வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மூங்கில் நட்சத்திரம் கட்டுவார். நூலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே என் வேலையாக இருந்ததால், எப்படிக் கட்டினார் என்பதை நான் கவனிக்கவேயில்லை. இப்போது கேட்பதற்கு அவரும் இல்லை. முறை தெரிந்தவர்கள் சொல்லித் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன். நாள் கணக்கைச் சமாளிக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாசரேத் வாத்தியார் | டிசம்பர் 1, இரவு 10.55

சகோதரிக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் குடில் வைக்கும் பழக்கம் இல்லை. எங்களுக்கு நட்சத்திரமே பெரிது. நாற்பது ஆண்டுகளாகக் கட்டி வருவதால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கூடை முடைபவர்களிடம் கேட்டால் மூங்கில் சிம்பு பிளந்து தருவார்கள். சுண்டுவிரலில் பாதிக் கனமும் 75 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பத்து சிம்புகள், 15 சென்டிமீட்டரில் ஐந்து துண்டுகள், இவ்வளவே தேவை. பத்தும் ஒரே நீளத்தில் இருப்பது மிக முக்கியம். அரை விரற்கடை கூடினாலோ குறைந்தாலோ கடைசியில் ஒரு கை ஊனமாகத் தெரியும்.

அடுத்து நான் சொல்லப்போவது பலரும் செய்யாத ஒன்று. ஐந்து சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஐங்கோண நட்சத்திரமாக்கும்போது, ஒவ்வொரு சிம்பையும் மற்ற சிம்புகள் இரண்டு இடங்களில் வெட்டிச் செல்கின்றன. அந்த வெட்டுப்புள்ளி எப்போதும் முனையிலிருந்து மொத்த நீளத்தில் 0.382 பங்கு தொலைவில்தான் விழும். 75 சென்டிமீட்டர் சிம்பில் இரு முனைகளிலிருந்தும் 28.6 சென்டிமீட்டரில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், கோடும் கோடும் சேரும் இடத்தில் கட்டினால் போதும். கோணமானி வேண்டாம், கண்மதிப்பும் வேண்டாம். எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் இதைக் கொடுங்கள். தேர்வுக்கு நடுவே பத்து நிமிட வேலைதான், அதுவும் கணக்குப் பாடத்தோடு சேர்ந்த வேலை.

இப்படி இரண்டு தட்டை நட்சத்திரங்களைக் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே ஐங்கோணத்தின் ஐந்து மூலைகளிலும் 15 சென்டிமீட்டர் துண்டை நெம்பி நிறுத்தினால் நடுப்பகுதி உப்பிக்கொள்ளும். நெம்பும்போது சிம்பு வில்லாக வளைய வேண்டும் என்பதால் கணு உள்ள சிம்பை வாங்காதீர்கள்.

தாள் ஒட்டுவதற்கு முன்புறம் ஐந்து முக்கோணம், பின்புறம் ஐந்து, பக்கவாட்டில் பத்து, நடுவில் முன்னும் பின்னுமாக இரண்டு ஐங்கோணம், ஆக 22 துண்டுகள் வேண்டும். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் மடிப்புக்கு விட்டு வெட்டுங்கள். பசைக்கு ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் போதும். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்போம். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் பசையில் வேண்டாம். தேவைக்குத் தகுந்தபடி அன்றன்று காய்ச்சிக்கொள்ளுங்கள்.

ஒருவிரல்தச்சன் | டிசம்பர் 2, காலை 7.15

வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும். நெகிழி நட்சத்திரம் ஒன்றை ஒருமுறை வாங்கினால் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கிறது, மழையிலும் நனைந்து கிழிவதில்லை. டிசம்பரில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருப்பதில்லை. நான்கு நாள் பாடுபட்டு ஒட்டிய காகித நட்சத்திரம் ஒரே இரவில் தொங்கிப்போனதை என் வீட்டில் கண்டிருக்கிறேன். அன்று பிள்ளை அழுத அழுகையை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை. செய்து பார்க்கும் ஆசைக்குத் தென்னை ஈர்க்கில் சிறிய நட்சத்திரங்கள் கட்டிச் சன்னலில் தொங்கவிடலாமே?

நாசரேத் வாத்தியார் | டிசம்பர் 2, காலை 8.05

மழைக்கு வழி இருக்கிறது. வண்ணத்தாளின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுற்றி, அடிப்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டால் நீர் தங்காது. முற்றத்தில் தொங்கவிடாமல் இறவாரத்துக்கு உள்ளேயே கட்டுங்கள். விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பழைய 60 வாட் குண்டு பல்பைக் காகிதத்துக்குள் வைக்கவே கூடாது. அதன் சூட்டில் தாள் கருகி, தீயும் பிடிக்கலாம். 5 வாட் எல்.இ.டி. போதும். அதையும் நடுவில், எந்தத் தாளிலும் படாமல் தொங்கவிடுங்கள். நட்சத்திரத்தின் எடை மின்கம்பியில் விழாதபடி தனிக் கயிற்றில் கட்டித் தூக்க வேண்டும். பிளக் மாட்டுவது பெரியவர்கள் வேலை.

ஈர்க்கு யோசனை நன்று. பெரியதைக் கட்டும் முன் கை பழகுவதற்கு நான்காம் வகுப்புப் பையனுக்கு அது ஏற்றது.

ஞாயிறும்வேலை | டிசம்பர் 2, பிற்பகல் 1.30

அளவுகளையும் பசையையும் பற்றி எல்லோரும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். யார் செய்வது என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என் வீட்டில் மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். 'குடும்பமாகச் சேர்ந்து செய்தோம்' என்று என் கணவர் உறவினர் குழுவில் படம் போட்டார். அந்தப் படத்துக்கு வெளியே நான் செய்தவை இவை: அலுவலகம் விட்டு வரும் வழியில் மூன்று கடைகள் ஏறி வண்ணத்தாள் வாங்கினேன், பசை காய்ச்சினேன், தொலைந்த கத்தரிக்கோலைத் தேடினேன், தூங்கிவிட்ட பிள்ளைகள் பாதியில் விட்டதை இரவு பன்னிரண்டு மணிக்கு ஒட்டி முடித்தேன், மறுநாள் காலையில் மொசைக் தரையில் ஒட்டியிருந்த ஜிகினாத் துகளைத் தோசைத் திருப்பியால் சுரண்டினேன். இதற்கிடையில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் வேறு. படத்தில் நான் இல்லை, ஏனெனில் அப்போது அடுப்படியில் இருந்தேன்.

கடையில் வாங்கு என்று நான் சொல்லவில்லை. பாளைப்பெண் அக்காவுக்கு என் ஆலோசனை ஒன்றுதான். ஒரு தாளை எடுத்து, வாங்குவது தொடங்கிக் கூட்டிப் பெருக்குவது வரை எல்லா வேலைகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரைப் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். நட்சத்திரத்தை மூங்கில் வாங்குவதிலிருந்து முழுதாக உங்கள் கணவர் பெயரில் எழுதுங்கள். 'நான் உதவுகிறேன்' என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உதவுகிறேன் என்றால் வேலை உங்களுடையது என்று பொருள்.

பாளைப்பெண் | டிசம்பர் 2, இரவு 9.10

தங்கச்சி, உங்கள் பதிவை என் கணவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தார், தோசைத் திருப்பி வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இப்போது தாள் ஒட்டியாயிற்று. நட்சத்திரம் அவருக்கு, கோடு போடுவது மகளுக்கு, குடிலுக்கான புல் வளர்ப்பது மகனுக்கு. பலகாரம் இந்த ஆண்டு கல்கல் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். மாவு பிசைந்து நான் கொடுத்துவிட்டால், புதுச் சீப்பின் மேல் சிறு உருண்டையை அழுத்தி உருட்டிச் சிப்பிபோல் சுருட்டுவதை மூவரும் பார்த்துக்கொள்வார்கள். அதைத் தேர்வு முடிந்த 23ஆம் தேதி மாலைக்கு வைத்திருக்கிறோம். எண்ணெய்ச் சட்டி மட்டும் என் பொறுப்பு.

புல்லை எப்போது விதைக்க வேண்டும்?

குமரிக்கரை | டிசம்பர் 3, காலை 6.20

அக்கா, கேழ்வரகு என்றால் 12 அல்லது 13ஆம் தேதி விதையுங்கள். 24ஆம் தேதிக்கு விரலளவு வளர்ந்து பட்டுப்போல் நிற்கும். கோதுமை அதைவிட உயரமாகப் போகும் என்பதால் 15ஆம் தேதி போட்டால் போதும். குடிலுக்கு முன்னால் வயல்போல் காட்ட இதுவும், ஓரத்தில் புல்தரைபோல் காட்ட அதுவும் என இரண்டையும் கலந்து வையுங்கள். கடுகு மூன்று நாளில் முளைத்துவிடும். தம்பிக்குப் பொறுமை போதாதென்றால் அதையும் ஒரு மூடியில் போட்டுக் கொடுங்கள். முதல் நாள் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, மறுநாள் தட்டில் மண்ணையோ தேங்காய் நார்த்தூளையோ பரப்பி நெருக்கமாகத் தூவ வேண்டும். இரண்டு நாள் மூடி வைத்துவிட்டுப் பிறகு கட்டாயம் வெயிலில் வையுங்கள், இல்லாவிட்டால் வெளிறிப் படுத்துவிடும். தண்ணீரை ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். ஊற்றினால் வேரில் பூசணம் பிடிக்கும்.

நட்சத்திரம் கட்டப் பருத்தி நூல் வேண்டாம். ஈரத்தில் தளர்ந்துவிடும். எங்கள் ஊரில் வலை பழுதுபார்க்கும் நைலான் நூலில்தான் கட்டுவோம். குறுக்காக இரண்டு சுற்று, எதிர்க்குறுக்காக இரண்டு சுற்று, கடைசியாக இரு சிம்புகளுக்கும் இடையில் ஒரு சுற்று சுற்றி இறுக்கினால் கட்டு நகராது. அந்தக் கடைசிச் சுற்றைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 24ஆம் தேதிக்குள் முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அக்கா கவலைப்படுவது எழுத்தில் தெரிகிறது. ஒக்கி புயல் 2017 நவம்பர் 30ஆம் தேதி வந்தது. அந்த டிசம்பர் முழுவதும் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று கரையில் நின்றிருந்தோம். எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் நட்சத்திரம் தொங்கவில்லை. என் அப்பா பாதி கட்டி வைத்திருந்த சட்டகம் தாள் ஒட்டாமல் பரணிலேயே கிடந்தது. அடுத்த ஆண்டு அதே சட்டகத்துக்குத்தான் நாங்கள் தாள் ஒட்டினோம். உங்கள் வீட்டில் ஒரு மலையும் இரண்டு ஆடும் விடுபட்டுப்போனால் அவற்றை 26ஆம் தேதி வைத்துக்கொள்ளலாம், அக்கா.

காரைக்கால்–மர்சேய் | டிசம்பர் 4, மாலை 4.50

இந்த இழையை இன்று படித்தது பொருத்தமாக அமைந்துவிட்டது. எங்கள் பூர்வீகம் காரைக்கால். இரண்டு தலைமுறையாகப் பிரான்சின் மர்சேயில் இருக்கிறோம். இங்கே புரொவான்சு வட்டாரத்தில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளில், மூன்று சிறிய தட்டுகளில் கோதுமையை விதைப்பார்கள். கிறிஸ்துமசுக்குள் அது பச்சையாக நிமிர்ந்து நின்றால் வரும் ஆண்டில் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. என் மாமியார் காரைக்காலில் கேழ்வரகு விதைத்த கையோடு இங்கே வந்து இதைப் பார்த்தபோது, யாரைப் பார்த்து யார் கற்றார்கள் என்று கேட்டார். இரண்டு இடத்திலும் அவரவர் வயலில் விளைவதை விதைக்கிறார்கள், வேறென்ன.

குடிலில் வைக்கும் உருவங்களான சுரூபங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலயங்கள் அடைபட்டபோது இங்கே மக்கள் வீட்டுக்குள் சிறு குடில்களை வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் மர்சேயைச் சேர்ந்த ழான்-லூயி லாஞெல் என்ற கலைஞர் அச்சில் வார்த்து மலிவான களிமண் உருவங்களைச் செய்தார். 'சந்தோன்' எனப்படும் அந்தப் பொம்மைகளுக்கென்றே 1803 முதல் மர்சேயில் சந்தை கூடுகிறது. சந்தோன் என்றால் சின்னப் புனிதர் என்று பொருள். ஆனால் அங்கே விற்கும் உருவங்களில் பெரும்பாலானவை புனிதர்கள் அல்ல: மீன் விற்பவள், சாணை பிடிப்பவர், மாவரைப்பவர், விறகு சுமப்பவள் என்று ஊரே இருக்கும். குடிலின் தொடக்கமும் அப்படித்தான். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிசு உயிருள்ள மாட்டையும் கழுதையையும் தீவனத் தொட்டி அருகே நிறுத்தித்தான் அந்த இரவைக் கொண்டாடினார். ஆகவே முழுத் தொகுதி வாங்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். திருக்குடும்பம் மூவர் இருந்தால் போதும். மற்றவர்களைப் பிள்ளைகள் களிமண்ணில் பிசையட்டும்.

நாள் கணக்குக்கும் ஒரு வழி சொல்கிறேன். குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களை 24ஆம் தேதியே குடிலில் நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் வந்து சேரும் நாள் ஜனவரி 6. வீட்டின் ஒரு கோடியில் அவர்களைப் புறப்படச் செய்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்துங்கள். விடுமுறையின் ஒன்பது நாளும் குடில் வேலை தொடரும். பாதை போடுவது, பாலம் கட்டுவது, ஒட்டகத்துக்குத் தங்குமிடம் அமைப்பது என்று பிள்ளைகளே வேலையைக் கண்டுபிடிப்பார்கள்.

கொலுப்படி | டிசம்பர் 5, காலை 10.10

நான் மதுரை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் இல்லை, மார்கழிக் கோலந்தான். ஆனாலும் பக்கத்து வீட்டுக் குடிலில் எனக்கு உரிமை உண்டு என்பதால் எழுதுகிறேன். மேலே சொன்ன மீன் விற்பவளைப் படித்ததும் நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுக் குழந்தை எங்கள் கொலுப் பெட்டியைத் திறந்து, செட்டியார் பொம்மையையும் அவர் மளிகைக் கடையையும் கேட்டு வாங்கிப் போய்க் குடிலில் வைத்தாள். ஏனடி என்று கேட்டதற்கு, குழந்தை பிறந்த வீட்டுக்குச் சர்க்கரை வேண்டாமா என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் செட்டியார் அங்கே போய்த் தங்கிவிட்டுப் பொங்கலுக்குத் திரும்புகிறார். போன முறை மூக்கில் சிறு சில்லு உடைந்து வந்தது. மாவும் சுண்ணமும் குழைத்து நானே சரிசெய்தேன்.

பாறைக்குச் சிமெண்ட் மூட்டைத் தாளைப் பயன்படுத்துங்கள். தூசியை நன்றாக உதறிவிட்டுக் கசக்கி விரித்து, செம்மண் கரைசலையும் கரிக்கரைசலையும் ஆங்காங்கே தேய்த்தால் கடையில் விற்கும் பாறைத்தாளைவிட இயல்பாக இருக்கும். குளத்துக்கு உடைந்த கண்ணாடி வேண்டாம். சட்டமிட்ட சிறு முகக்கண்ணாடியை வைத்து விளிம்பை மணலால் மூடுங்கள்.

ஒருவிரல்தச்சன் | டிசம்பர் 5, இரவு 8.30

28.6 சென்டிமீட்டர் கணக்கை ஈர்க்கில் சோதித்தேன். 20 சென்டிமீட்டர் ஈர்க்குக்கு 7.6இல் கோடு. கச்சிதமாக வந்தது. என் பழைய நட்சத்திரம் ஏன் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது என்பதும் இப்போது விளங்குகிறது. நெகிழி நட்சத்திரத்தை நான் கைவிடவில்லை, ஆனால் மூங்கிலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பாளைப்பெண் | டிசம்பர் 25, மாலை 5.20

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் கணவர் மூங்கில் வாங்கி வந்தார். பத்தில் ஒன்றில் கணு இருந்ததை அவர் கவனிக்கவில்லை. 21ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு நான்காவது துண்டை நெம்பும்போது அந்தச் சிம்பு படாரென்று முறிந்தது. மறுநாள் சமூக அறிவியல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து ஓடி வந்தாள். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? கடைசியில் எங்கள் ஒட்டடைக் கம்பை நெடுக்காகப் பிளந்து ஒரு சிம்பு எடுத்தார். அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் இடது கீழ்க்கை மட்டும் சற்று விறைப்பாக நிற்கிறது. தெருவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. எங்களுக்கு முதலில் அதுதான் தெரிகிறது. குமரிக்கரை தம்பி சொன்ன கடைசிச் சுற்றை மகள்தான் ஒவ்வொரு கட்டிலும் சரிபார்த்தாள்.

கேழ்வரகு நன்றாக வந்தது. கோதுமையில் பாதி, மகன் ஆசையில் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியதால் அழுகிவிட்டது. அழுகிய பாதியின் மேல் மணலைக் கொட்டிப் பாலைவனம் என்று பெயர் வைத்துவிட்டான். அதில் ஒரு நெகிழி டைனோசர் நிற்கிறது. அதை எடுக்கச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. களிமண் இடையர்கள் நால்வரில் இருவருக்குக் காய்ந்ததும் கழுத்து வெடித்தது, துண்டுத்துணியைக் கழுத்தில் சுற்றி மறைத்தோம். மார்கழிக் குளிருக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

மூன்று ராஜாக்கள் கிழக்கிலிருந்து வர வேண்டும் என்பதால் திசை பார்த்தோம். எங்கள் வீட்டில் கிழக்கு சமையலறைப் பக்கம். ஆகவே இப்போது குளிர்பதனப் பெட்டியின் தலையில் நிற்கிறார்கள்.

ஞாயிறும்வேலை | டிசம்பர் 25, இரவு 9.45

அக்கா, படம் எடுத்தீர்களா? அதில் நீங்கள் இருக்கிறீர்களா?

பாளைப்பெண் | டிசம்பர் 26, காலை 7.00

இருக்கிறேன். மகள் எடுத்தாள். கையில் கல்கல் தட்டோடு, பாதிக் கண் மூடியபடி.

பாளைப்பெண் | ஜனவரி 7, காலை 8.15

நேற்று இரவு ராஜாக்கள் வந்து சேர்ந்தார்கள். வழியில் ஒருநாள் மிக்சிக்குப் பின்னால் காணாமல் போய், இன்னொரு நாள் சோபாவின் கைப்பிடியில் தங்கி, கடைசி மூன்று நாள் பள்ளி திறந்துவிட்டதால் மாலையில் மட்டும் நடந்து வந்தார்கள். கேழ்வரகு மஞ்சளாகிவிட்டது, எதிர்த் தெருவில் ஆடு வளர்ப்பவரிடம் மகன் தட்டோடு கொடுத்துவிட்டு வந்தான். சுரூபங்களை மகள் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

நட்சத்திரம் மட்டும் இன்னும் இறவாரத்தில் தொங்குகிறது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய தாளை மறுபடி எடுத்துப் பார்த்தோம். வாங்குவது, கோடு போடுவது, கட்டுவது, ஒட்டுவது, பெருக்குவது எல்லாவற்றுக்கும் எதிரே பெயர் இருக்கிறது. அவிழ்த்து இறக்கி வைக்கும் வேலையை நாங்கள் எழுதவேயில்லை. நால்வரும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம், பிறகு பள்ளிப் பேருந்து வந்துவிட்டது.